உலக நலவாழ்வைக் கெடுப்பது மக்கள்தொகையா, வறுமையா, வெப்பமா?

தொடக்கக் கேள்வி: 2 மார்ச் 2025, காலை

உலகில் 800 கோடிப் பேர் இருக்கிறோம். மருத்துவமனைகளில் இடமில்லை, குடிநீர் போதவில்லை, கொசு பெருகுகிறது, வெயில் தாங்க முடியவில்லை. எல்லாவற்றுக்கும் மூல காரணம் மக்கள்தொகைப் பெருக்கம்தான் என்பது என் கருத்து. பருவநிலை, ஏழ்மை என்று பேசுவதெல்லாம் வேரை விட்டுவிட்டுக் கிளையை வெட்டுகிற வேலை. எண்ணிக்கை பாதியானால் சிக்கல்களும் பாதியாகிவிடும் அல்லவா? மறுப்பவர்கள் சான்றோடு மறுக்கவும்.

பதில்: 2 மார்ச், இரவு

சான்று கேட்டதால் நேராக எண்களுக்கே வருகிறேன். 1950-இல் உலக மக்கள்தொகை ஏறத்தாழ 250 கோடி. அந்த ஆண்டின் சராசரி ஆயுட்காலம் 46. இன்று 800 கோடியைத் தாண்டிவிட்டோம், சராசரி ஆயுட்காலமோ 73 ஆகியிருக்கிறது. எண்ணிக்கைதான் வேர் என்றால் ஒன்று ஏற ஏற மற்றது இறங்கியிருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தே ஏறியிருக்கின்றன. குழந்தை இறப்பை எடுத்துக்கொண்டால் செய்தி இன்னும் தெளிவு. 1990-இல் ஐந்து வயது நிறைவதற்குள் இறந்த குழந்தைகள் 1 கோடியே 20 லட்சத்துக்கும் மேல். 2022-இல் ஏறத்தாழ 49 லட்சம். விகிதத்தைச் சொல்லவில்லை, தலைகளை எண்ணியே சொல்கிறேன். இடைப்பட்ட காலத்தில் உலகில் கூடியவர்கள் 260 கோடிக்கும் அதிகம்.

மக்கள் பெருகியதால் நோய் வந்தது என்பதைவிட, சாவு குறைந்ததால் மக்கள் பெருகினார்கள் என்பதுதான் வரலாற்றுக்கு நெருக்கமானது. தடுப்பூசி, தூய நீர், கழிவகற்றல், உணவு ஆகியவை முதலில் சாவைக் குறைத்தன. பிறப்பு உடனே குறையவில்லை. அந்த இடைவெளியில்தான் மக்கள்தொகை எகிறியது. பெற்ற பிள்ளைகள் பிழைப்பார்கள் என்ற நம்பிக்கை வந்து, பெண்களின் படிப்பும் கருத்தடை வசதியும் சேர்ந்த பிறகு பிறப்பும் இறங்கியது. 1950-இல் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக ஐந்து குழந்தைகள் என்றிருந்த உலகில் இன்று இரண்டேகாலைச் சுற்றி நிற்கிறோம். தென் கொரியாவில் 2023-இல் இது 0.72. ஐக்கிய நாடுகளின் 2024-ஆம் ஆண்டுக் கணிப்புப்படி 2080-களின் நடுவில் ஏறத்தாழ 1,030 கோடியைத் தொட்டுவிட்டு உலக மக்கள்தொகை இறங்கத் தொடங்கும்.

என்னைப் பற்றி ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். இறப்புச் சான்றிதழ்களில் மருத்துவர்கள் எழுதும் காரணங்களைப் பன்னாட்டு நோய்ப் பகுப்பின்படி குறியீடாக்கும் வேலையில் நெடுங்காலம் இருந்தவன் நான். சாவை எண்ணுவதில் எனக்கொரு தொழில்முறைப் பிடிவாதம் உண்டு. அது இனி வரும் குறிப்புகளிலும் தலைகாட்டும்.

3 மார்ச்

“ஜப்பானில் ஆயிரம் பேருக்கு 12-க்கும் மேல் இறக்கிறார்கள், வங்கதேசத்தில் அதில் பாதிதான், பிறகு எங்கே செல்வம் காப்பாற்றுகிறது?” என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இந்தக் கணக்கை இன்னும் கொஞ்சம் நீட்டினால், ஆயிரத்துக்கு இருவர்கூட இறக்காத கத்தாருக்கு எல்லோரும் குடிபெயர்ந்துவிட்டால் சாவையே வென்றுவிடலாம். கத்தாரில் இருப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் வேலைக்காக வந்த இளவயது ஆண்கள், முதுமை வந்ததும் சொந்த நாடு திரும்பிவிடுபவர்கள். ஜப்பானில் ஏறத்தாழ பத்தில் மூவர் 65 வயதைக் கடந்தவர்கள்.

ஆகவே இரண்டு நாடுகளை ஒப்பிடுமுன் வயதுக் கட்டமைப்பைச் சமன்செய்தே ஆகவேண்டும். அதைச் செய்யாத எந்த வரைபடத்தையும் நான் நம்புவதில்லை. எத்தனை பேர் என்பதைக் காட்டிலும் எந்த வயதில் எத்தனை பேர் என்பதுதான் நோயின் முகத்தை மாற்றுகிறது. நைஜரில் மக்களின் நடு வயது (பாதிப் பேர் அதற்குக் கீழே, பாதிப் பேர் மேலே) 15-ஐ ஒட்டியது, ஜப்பானில் 49-ஐ ஒட்டியது. முதலாவதில் மலேரியா, வயிற்றுப்போக்கு, பேறுகால ஆபத்து ஆகியவை முன்னே நிற்கின்றன. இரண்டாவதில் மறதிநோய், பக்கவாதம், புற்றுநோய். நோய்ப்பரவல் ஆய்வாளர் அப்தெல் ஓம்ரான் 1971-இல் இந்த நகர்வை ஒரு கோட்பாடாக எழுதினார். தொற்றுநோய்க் காலம் முடிந்து தொற்றாநோய்க் காலம் தொடங்கும் என்ற அந்த வரிசை இன்று பல நாடுகளில் குலைந்து கிடக்கிறது. ஒரே வீட்டில் பேரனுக்கு ஊட்டக்குறைவும் பாட்டிக்கு நீரிழிவும் இருப்பதை எந்தக் கட்டத்தில் சேர்ப்பது?

5 மார்ச்

செல்வத்துக்கு வருவோம். மக்கள்தொகை ஆய்வாளர் சாமுவேல் பிரெஸ்டன் 1975-இல் நாடுகளின் வருமானத்தையும் ஆயுட்காலத்தையும் ஒரே படத்தில் புள்ளியிட்டார். ஏழை நாடுகளில் வருமானம் சிறிது கூடினாலே ஆயுள் சட்டென்று ஏறுகிறது, பணக்கார நாடுகளில் எவ்வளவு கூடினாலும் பெரிதாக ஏறுவதில்லை. எல்லோரும் மேற்கோள் காட்டுவது இந்த வளைவைத்தான். எனக்கு முக்கியமாகப் படுவது அவருடைய இன்னொரு முடிவு. 1930-களின் வளைவையும் 1960-களின் வளைவையும் அருகருகே வைத்தபோது, அதே வருமானத்துக்கு முன்பைவிட அதிக ஆயுள் கிடைத்திருந்தது. அந்த முப்பதாண்டு முன்னேற்றத்தில் முக்கால் பங்குக்கும் மேற்பட்டது வருமான உயர்வால் வந்ததல்ல என்று அவர் கணக்கிட்டார்.

வேறு எதனால் வந்தது என்பதற்கு எனக்குப் பிடித்த எடுத்துக்காட்டு 1971. வங்கதேச விடுதலைப் போரின்போது எல்லையோர முகாம்களில் காலரா பரவியது. மேற்கு வங்கத்தின் போன்காவ் முகாமில் பணியாற்றிய மருத்துவர் திலீப் மகலனாபிஸ், நரம்பில் ஏற்றும் உப்புநீர் தீர்ந்துகொண்டிருந்த நிலையில், ஒரு லிட்டர் தண்ணீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா என்ற கணக்கில் பொட்டலம் கட்டச் செய்தார். பெரிய பீப்பாய்களில் கரைத்து வைத்து, நோயாளியின் உறவினர்களே குவளையில் பிடித்துப் புகட்டும்படி விட்டுவிட்டார். அதற்கு முன் நூற்றுக்கு முப்பது பேர் வரை இறந்துகொண்டிருந்த இடத்தில் இறப்பு நான்குக்கும் கீழே இறங்கியது. முகாமிலிருந்த யாருடைய வருமானமும் அந்த வாரங்களில் ஒரு காசுகூட உயரவில்லை. சர்க்கரை இருந்தால் குடல் உப்பையும் நீரையும் சேர்த்து உறிஞ்சிக்கொள்ளும் என்ற அறிவு, பீப்பாய் வழியாக வாய்க்குப் போய்ச் சேர்ந்தது.

எதிர்ப்புறத்தில் அமெரிக்கா நிற்கிறது. தன் மொத்த உற்பத்தியில் ஏறத்தாழ 17 விழுக்காட்டை மருத்துவத்துக்குச் செலவிடுகிற நாடு அது. 2022-இல் அதன் ஆயுட்காலம் 77.5. தலைக்கு அதில் ஐந்தில் ஒரு பங்கை ஒட்டிய வருமானம் மட்டுமே உள்ள கோஸ்டா ரிக்காவில் சராசரி மனிதர் அதைவிடச் சற்று அதிகமாகவே வாழ்கிறார். 1940-களின் இறுதியில் ராணுவத்தைக் கலைத்த நாடு என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. 1990-களின் நடுவில் அது அமைத்த அடிப்படை மருத்துவக் குழுக்களைப் பற்றிப் பேசுவோர் குறைவு. மருத்துவர், செவிலியர், எழுத்தர் ஆகியோரோடு வீடு வீடாகப் போகிற ஒரு பணியாளரும் குழுவில் இருப்பார். அவர் யாருக்கு இரத்த அழுத்தம், யார் கருவுற்றிருக்கிறார், யாருக்குத் தடுப்பூசி பாக்கி என்று குறித்துக்கொண்டு வருவார். நோயாளி கதவைத் தட்டும்வரை காத்திருக்காத மருத்துவம் அது.

6 மார்ச்

“அப்படியானால் பணம் தேவையில்லை என்கிறீர்களா?” இல்லை. பணம் எந்தப் பொருளாக மாறுகிறது என்று பார்க்கச் சொல்கிறேன்.

ரியோ கிராண்டே நதியின் ஒரு கரையில் டெக்சாஸின் லரேடோ நகரம், மறு கரையில் மெக்சிகோவின் நுவேவோ லரேடோ. வெயில் ஒன்று, மழை ஒன்று, பாலத்தின் வழியே நாள் முழுவதும் மக்கள் போய்வருகிறார்கள். 1999-இல் டெங்கு பரவியபோது ஆய்வாளர்கள் இரு பக்கமும் வீடு வீடாகச் சென்று இரத்தம் எடுத்தார்கள், தண்ணீர் தேங்கிய பாத்திரங்களையும் பழைய டயர்களையும் புரட்டிப் பார்த்தார்கள். கொசுப்புழுக்கள் அதிகம் கிடைத்தது அமெரிக்கப் பக்கத்தில்: அங்கே நூற்றுக்கு 91 வீடுகள், மெக்சிகோ பக்கத்தில் 37. அண்மைத் தொற்று இருந்ததோ தலைகீழ். அமெரிக்கப் பக்கத்தில் நூற்றுக்கு 1.3 பேர், மெக்சிகோ பக்கத்தில் 16 பேர். கொசு நிறைந்த ஊரில் நோய் அரிது, கொசு குறைந்த ஊரில் நோய் இருக்கிறது. வீடுகளுக்குள் நுழைந்து பார்த்ததும் விடை கிடைத்தது. லரேடோவில் ஏசியும் வலையடித்த, மூடிய சன்னல்களும் இருந்தன. நுவேவோ லரேடோவில் நேர்ந்த தொற்றில் ஏறத்தாழ 55 விழுக்காட்டுக்கு ஏசி இல்லாமையே காரணம் என்று அந்த ஆய்வு மதிப்பிட்டது.

இங்கே மக்கள்தொகை, பருவநிலை, கொசு என்ற மூன்றும் கொல்லும் அளவுக்குத் தயாராக இருந்தும் ஒரு சன்னல் வலை குறுக்கே நின்றுவிட்டது. இந்த இழையில் நான் சொல்ல விரும்புவதெல்லாம் ஏறக்குறைய இதுதான்: மனிதனுக்கும் ஆபத்துக்கும் நடுவே என்ன நிற்கிறது என்று கேளுங்கள். மலேரியாவும் அப்படியே. இங்கிலாந்தின் எசெக்ஸ், கென்ட் சதுப்புநிலங்களில் ஒருகாலத்தில் மலேரியா இருந்தது. அமெரிக்கா 1951-இலும் ஐரோப்பா 1975-இலும் அதிலிருந்து விடுபட்டன. அங்கெல்லாம் பனி கூடியதாலா மலேரியா போயிற்று?

7 மார்ச்

நேற்றைய குறிப்பை வைத்து “அப்படியானால் பருவநிலை மாற்றம் வெறும் பூச்சாண்டி” என்று இருவர் கிளம்பிவிட்டார்கள். அதை நான் சொல்லவில்லை. வலை இருக்கும் வீட்டுக்கு வெப்பநிலை ஒரு செய்தி. வலை இல்லாத வீட்டுக்கு அது கொசுவின் வேகம். வெப்பம் கூடும்போது ஏடிஸ் கொசுவின் உடலுக்குள் டெங்கு நச்சுயிரி முதிர எடுக்கும் நாட்கள் குறைகின்றன. முன்பு குளிர் காத்துவந்த உயரங்களுக்கும் கொசு ஏறுகிறது. 2023-இல் உலகெங்கும் பதிவான டெங்கு நோயாளிகள் 65 லட்சத்துக்கும் மேல். 2024-இல் அது 1 கோடியே 40 லட்சத்தைக் கடந்தது. வலை இல்லாத வீடுகள்தான் உலகில் அதிகம் என்பதை இந்த எண்ணே சொல்கிறது.

9 மார்ச்

வெப்பத்தால் இறப்பவர்கள் குறைவுதானே, சான்றிதழ்களில் அப்படி எழுதியிருப்பதைப் பார்த்ததே இல்லை என்று ஒரு மருத்துவ மாணவர் எழுதியிருக்கிறார். அவர் பார்க்காததில் வியப்பில்லை. நானும் அரிதாகவே பார்த்திருக்கிறேன், அதுதான் சிக்கல்.

பன்னாட்டு நோய்ப் பகுப்பின் பத்தாம் பதிப்பில் இயற்கை வெப்பத்துக்கு ஆட்பட்டு இறந்தால் எக்ஸ்30 என்று குறியிட வேண்டும். வெயில் கடுமையான மாதங்களில் மேசையில் சான்றிதழ்க் கட்டுகள் வழக்கத்தைவிட உயரமாக எழும்பும். ஆனால் அந்தக் கட்டுகளுக்குள் எக்ஸ்30-க்கு இடம்தரும் வரி அநேகமாக இருக்காது. “இதயம் நின்றது”, “மூச்சு நின்றது”, “முதுமை” என்றுதான் எழுதியிருக்கும். இதயம் நிற்காமல் யார் இறந்திருக்கிறார்கள்? இவற்றைப் பயனற்ற குறியீடுகள் என்று எங்கள் தொழிலில் சொல்வோம். சான்றிதழின் முதல் பகுதியில் மேலிருந்து கீழாக, எது எதனால் வந்தது என்று சங்கிலியாக எழுதவேண்டும். கடைசி வரியில் அடிப்படைக் காரணம் வரவேண்டும். பல தாள்களில் முதல் வரியோடு சங்கிலி அறுந்துவிடும். “இறந்தவர் இருந்த அறை எப்படி இருந்தது, ஓட்டுக்குக் கீழா, மாடியிலா?” என்று கேட்டு எழுத ஒரு கட்டம்கூட அந்தத் தாளில் கிடையாது. நான் பார்த்தவற்றுள் ஒன்று இன்றும் நினைவில் இருக்கிறது. ஒரே முகவரியில் கணவனும் மனைவியும் அடுத்தடுத்த நாட்களில் இறந்திருந்தார்கள், இருவருக்கும் “இதயச் செயலிழப்பு”. தாளில் உள்ளதை மட்டும் குறியிடுவதே விதி என்பதால் அப்படியே குறியிட்டேன்.

அதனால்தான் வெப்பச் சாவைச் சான்றிதழில் தேடாமல், வழக்கமாக அந்த வாரத்தில் எத்தனை பேர் இறப்பார்கள், இப்போது எத்தனை பேர் இறந்தார்கள் என்ற கூடுதல் கணக்கில் தேடுகிறார்கள். 2003 கோடையில் ஐரோப்பாவில் அப்படிக் கிடைத்த எண் 70,000-க்கும் மேல். பிரான்சில் மட்டும் ஏறத்தாழ 15,000. பணக்கார நாடுகள், நல்ல மருத்துவமனைகள். ஆனாலும் ஆகஸ்ட் மாதத்தில் பிள்ளைகள் விடுமுறைக்குப் போயிருக்க, மாடி அறைகளில் தனியே இருந்த முதியவர்கள் இறந்தார்கள். 2021 ஜூன் இறுதியில் கனடாவின் லிட்டன் கிராமத்தில் 49.6 டிகிரி பதிவானது. அந்த வெப்ப அலையில் பிரிட்டிஷ் கொலம்பியாவில் இறந்த 619 பேரில் 98 விழுக்காட்டினர் இறந்தது நான்கு சுவருக்குள், மூவரில் இருவர் 70 வயதைக் கடந்தவர்கள், பாதிக்கும் மேற்பட்டோர் தனித்து வாழ்ந்தவர்கள். இங்கே மூன்று காரணங்களும் ஒன்றின்மேல் ஒன்றாகப் படிகின்றன: முதியோர் பெருகிய மக்கள்தொகை, தனி வீடு எடுத்துத் தரும் அளவுக்கான செல்வம், அதுவரை அங்கே யாரும் காணாத வெப்பம்.

முதியவர் ஏன் முதலில் விழுகிறார் என்பதும் எளிதான உடலியல்தான். உடலைக் குளிர்விக்க இதயம் தோலுக்கு அதிக இரத்தத்தை இறைக்க வேண்டும், வியர்வை சுரக்க வேண்டும், தாகம் எடுக்க வேண்டும். வயதில் மூன்றும் மங்குகின்றன. இரத்த அழுத்தத்துக்காக நீரைப் பிரிக்கும் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு உள்ள நீரும் போய்விடுகிறது. என் தாயார் “எனக்குத் தாகமே இல்லை” என்று ஒரு கடும் கோடை முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தார். நாக்கு வறண்டு பேச்சு குழறிய பிறகும் அதையே சொன்னார். மருத்துவர் அந்த மாத்திரையின் அளவைக் குறைத்தார், நாங்கள் மணிக்கொரு முறை குவளையோடு நின்றோம். அவர் தேறினார். நிற்க ஆள் இருந்தது என்பதைத் தவிர அதில் எங்கள் சாமர்த்தியம் ஒன்றுமில்லை.

9 மார்ச், சற்று நேரம் கழித்து

விட்டுப்போன ஒன்று. உலகில் பத்தில் நான்கு இறப்புகள் பதிவே ஆவதில்லை, ஆப்பிரிக்காவில் பத்தில் ஒன்றுதான் பதிவாகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்னது. ஐரோப்பாவில் 70,000 என்று சொல்ல முடிவதே அங்கே எண்ணுகிறார்கள் என்பதால்தான். வெப்பச் சாவுகளின் உலக வரைபடத்தில் ஆப்பிரிக்கா வெளிறிக் கிடந்தால் அங்கே யாரும் சாகவில்லை என்று பொருள் கொள்ள வேண்டாம்.

10 மார்ச்

ஏசி உயிர் காக்குமா, உலகைக் கெடுக்குமா என்ற சண்டை நீண்டுகொண்டே போகிறது. அமெரிக்காவில் கொடும் வெப்பநாட்களின் உயிர்ப்பலி இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஏறத்தாழ முக்கால் பங்கு குறைந்ததற்கு ஏசியே பெருங்காரணம் என்று கணக்குகள் காட்டுகின்றன. அதே ஏசியும் மின்விசிறியும் சேர்ந்து உலக மின்சாரத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கைக் குடிக்கின்றன. உள்ளே இருப்பவனைக் குளிர்வித்து வெளியே இருப்பவன்மேல் அனலை ஊதுகிற பொறி அது. வெளியே இருப்பவன் பெரும்பாலும் அதை வாங்க முடியாதவன். ஆனாலும் நோயாளி கிடக்கும் அறைக்கு அது வேண்டாம் என்று நான் வாதிட மாட்டேன்.

12 மார்ச்

எண்ணிக்கையே வேர் என்ற தொடக்கக் கேள்விக்கு வங்காள விரிகுடாவைவிடக் கூர்மையான மறுப்பு எனக்குத் தெரியவில்லை. 1970 நவம்பர் புயலில் அன்றைய கிழக்குப் பாகிஸ்தானில் இறந்தவர்கள் மூன்று லட்சம் முதல் ஐந்து லட்சம் வரை. 1991 புயலில் ஏறத்தாழ 1,38,000. 2007-இல் சிதர் புயலில் 3,400 பேர். முதலாவதற்கும் மூன்றாவதற்கும் இடையே அந்நாட்டு மக்கள்தொகை இரு மடங்கானது, கடல் தணியவில்லை.

இடையில் நடந்தது இதுதான். 1972-இல் புயல் ஆயத்தத் திட்டம் தொடங்கியது. இன்று அதில் 70,000-க்கும் மேற்பட்ட தொண்டர்கள் இருக்கிறார்கள். கொடியேற்றி, ஒலிபெருக்கியைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போவது அவர்கள் வேலை. 1991-இல் இறந்தவர்களில் ஆண்களைவிடப் பெண்களே மிகுதி. வீட்டில் ஆண் இல்லாமல் கிளம்பத் தயங்கினார்கள், அந்நியர் நிறைந்த கூடத்தில் இரவு தங்கக் கூசினார்கள், குழந்தைகளையும் மாட்டையும் விட்டுவர மனமில்லை. அதன்பின் கட்டிய புகலிடங்களில் பெண்களுக்குத் தனி அறையும் கழிப்பறையும் வைத்தார்கள், மாடுகளுக்கு மேட்டுநிலம் அமைத்தார்கள். கான்கிரீட்டைப் போலவே அந்தத் தனி அறையும் உயிர் காத்தது. இதே விரிகுடாவின் மறு கரையில், சிதருக்கு மறு ஆண்டே, நர்கிஸ் புயலில் மியான்மரில் ஏறத்தாழ 1,38,000 பேர் இறந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள். மியான்மரின் மக்கள்தொகை வங்கதேசத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான்.

மறுபடி யோசித்தால், புயல் இரவில் உயிர் பிழைத்தவர்களோடு கணக்கை முடித்துக்கொள்வதும் ஏமாற்றுதான். 2022 வெள்ளத்துக்குப் பிறகு பாகிஸ்தானில் மலேரியா நோயாளிகள் ஓராண்டில் 5 லட்சத்திலிருந்து 26 லட்சமானார்கள். தண்ணீர் வடிய மாதங்களாயின. கூடாரத்தில் தூங்குகிறவனுக்கு வலை கட்டச் சுவர் ஏது? பியூர்ட்டோ ரிக்கோவில் 2017 மரியா புயலில் இறந்தவர்கள் 64 பேர் என்று அரசு முதலில் அறிவித்தது. பின்னர் பல்கலைக்கழக ஆய்வு கூடுதல் இறப்பைக் கணக்கிட்டபோது அது 2,975 ஆனது. மாதக்கணக்கில் மின்சாரம் இல்லாமல் டயாலிசிஸும் சுவாசக் கருவியும் இன்சுலினும் நின்றுபோனவர்களும் அதில் அடக்கம். புயலை இறப்போடு இணைத்து எப்படி எழுதுவது என்று மருத்துவர்களுக்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை என்பதையும் அந்த ஆய்வு குறித்தது. அதைப் படித்தபோது என் பழைய மேசைதான் கண்முன் வந்தது.

15 மார்ச்

“மரபணு, உணவுப் பழக்கம், குடி இவைதானே சிறுநீரகத்தைக் கெடுக்கின்றன?” பெரும்பாலும் நீரிழிவும் இரத்த அழுத்தமும்தான். எனினும் 2002-இல் எல் சால்வடோர் மருத்துவர்கள் ஒரு புதிரைப் பதிவு செய்தார்கள். நீரிழிவோ இரத்த அழுத்தமோ இல்லாத இளம் ஆண்கள் சிறுநீரகம் செயலிழந்து வந்துகொண்டிருந்தார்கள். அவர்களில் பலர் பசிபிக் கரையோரத் தாழ்நிலங்களில் கரும்பு வெட்டுகிறவர்கள். வெட்டிய எடைக்கே கூலி, நிழலில் உட்கார்ந்தால் அன்றைய வருமானம் போச்சு. நீரிழப்பும் உடல் வெப்பமும் தசைச் சிதைவும் அன்றாடம் கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுநீரகத்தைக் காயப்படுத்துகின்றன என்பது வலுவான விளக்கம். பூச்சிக்கொல்லிக்கும் பங்குண்டா என்ற விவாதம் தொடர்கிறது. நிகராகுவாவின் கரும்புத் தோட்டங்களில் தண்ணீர், ஓய்வு, நிழல் என்ற மூன்றையும் வேலை நேரத்துக்குள்ளேயே கட்டாயமாக்கிப் பார்த்தபோது சிறுநீரகச் சேதம் குறைந்தது. வளைகுடா நாடுகளின் கட்டுமானத் தளங்களிலிருந்து டயாலிசிஸுக்குத் திரும்பும் நேபாள இளைஞர்களின் கதையும் இதுவேதான்.

இந்த இறப்பு என் போன்றவரின் மேசைக்கு வந்தால் நாள்பட்ட சிறுநீரக நோய் என்று என்18 போடுவோம். கூலி முறைக்கு ஒரு குறியீடு கிடையாது.

35 டிகிரி ஈரக்குமிழ் வெப்பநிலை (வெப்பத்தையும் காற்றின் ஈரத்தையும் சேர்த்து அளப்பது) வரை மனிதன் தாங்குவான் என்று சிலர் எழுதியிருந்தீர்கள். 2010-இல் கோட்பாட்டளவில் சொல்லப்பட்ட எல்லை அது. பிறகு நலமான இளைஞர்களை வெப்ப அறையில் வைத்துச் சோதித்தபோது, ஈரம் மிகுந்த காற்றில் 31-ஐ ஒட்டியே உடல் வெப்பம் கட்டுக்கடங்காமல் ஏறத் தொடங்கியது. அவர்கள் செய்தது இலேசான அசைவு மட்டுமே, கரும்பு வெட்டவில்லை.

16 மார்ச்

மக்கள்தொகைக்கு எந்தப் பங்கும் இல்லை என்று நான் சொல்வதுபோல் ஓரிருவர் எடுத்துக்கொண்டார்கள். 2-ஆம் தேதிக் குறிப்பின் தொனி அதற்கு இடம் கொடுக்கிறது, ஆகவே எதிர்ப்பக்கத்தையும் எழுதிவிடுகிறேன். நைஜரில் ஒரு பெண்ணுக்கு இன்றும் ஏறத்தாழ ஆறு குழந்தைகள். அங்கே ஆண்டுதோறும் தடுப்பூசியும் பேறுகாலப் படுக்கையும் பள்ளி இருக்கையும் கூடிக்கொண்டே போனால்தான் நிலைமை இருந்த இடத்திலாவது நிற்கும். நெருங்கிய பேறுகள் தாயின் இரத்தத்தை வற்றச் செய்கின்றன, அடுத்தடுத்த குழந்தைகளின் எடையைக் குறைக்கின்றன. அங்கே கருத்தடை வசதி என்பது முதலில் தாயின் உயிருக்கான மருந்து. உலக எண்ணிக்கையைப் பற்றிய கவலைக்காக அதை அவள்மேல் திணிக்கத் தேவையில்லை.

புவியைச் சூடாக்கும் கரியமிலவாயுவுக்கும் எண்ணிக்கைதான் காரணமா என்று பாருங்கள். ஆப்பிரிக்கா முழுவதும் சேர்ந்து வெளியிடுவது உலக அளவில் நூற்றுக்கு நான்கைக்கூட எட்டவில்லை. நைஜரின் குழந்தைகளைக் குறைத்து வானத்தைக் குளிர்விக்க முடியாது.

அதே நேரம், முதுமையடையும் நாடுகள் தம் முதியோரைப் பார்த்துக்கொள்ள இளைய நாடுகளின் செவிலியரை இழுக்கின்றன. 2023-இல் உலக சுகாதார நிறுவனம் பணியாளர் பற்றாக்குறை மிகக் கடுமையாக உள்ள 55 நாடுகளைப் பட்டியலிட்டு, அங்கிருந்து முனைந்து ஆளெடுக்க வேண்டாம் என்றது. அதில் 37 ஆப்பிரிக்கப் பிரிவைச் சேர்ந்தவை. வேண்டாம் என்ற சொல்லுக்குக் கட்டுப்படுத்தும் வலு இல்லை. செவிலியரைக் குறை சொல்லவும் மாட்டேன். அவரவர் பிள்ளைகளுக்கு அவரவர் சம்பளம் தேவை. ஒரு நாட்டின் பிறப்பு விகிதச் சரிவு இன்னொரு நாட்டின் பேறுகால அறையை இரவில் ஆளில்லாமல் விடுகிறது என்பதை மட்டும் குறித்துவைக்கிறேன்.

20 மார்ச்

நாட்டுச் சராசரிகளை மட்டும் வைத்துப் பேசிக்கொண்டிருக்கிறோம், நானும்தான். சராசரிக்குள் என்ன ஒளிந்திருக்கிறது என்பதற்கு ஸ்காட்லாந்து போதும். கிளாஸ்கோவின் கால்டன் பகுதியில் ஓர் ஆணின் ஆயுட்காலம் 54; சில கிலோமீட்டர் தள்ளி லென்சியில் 82. உலக சுகாதார நிறுவனத்தின் ஆணையம் 2008-இல் இதை வெளியிட்டது. நாடு ஒன்று, மழை ஒன்று, இலவச மருத்துவமும் ஒன்று.

வெப்பத்திலும் இதே கதைதான். 2024 ஹஜ்ஜில் மெக்காவில் 51.8 டிகிரி. இறந்த 1,301 பேரில் 83 விழுக்காட்டினர் முறையான அனுமதி இல்லாமல் வந்தவர்கள் என்று சவுதி அரசு கூறியது. அனுமதி இருந்தவருக்குக் குளிரூட்டிய கூடாரமும் பேருந்தும் கிடைத்தன. அதற்கான கட்டணத்தைக் கட்ட இயலாதவர் அதே பாதையை வெயிலில் நடந்தார்.

24 மார்ச்

“பருவநிலை மாற்றத்தால் ஆண்டுக்கு 2,50,000 கூடுதல் இறப்பு” என்ற வரியைப் பலரும் ஒட்டுகிறீர்கள். 2030 முதல் 2050 வரைக்குமாக உலக சுகாதார நிறுவனம் 2014-இல் வெளியிட்ட மதிப்பீடு அது. அதன் உட்பிரிவையும் பாருங்கள்: குழந்தைகளின் ஊட்டக்குறைவால் 95,000, மலேரியாவால் 60,000, வயிற்றுப்போக்கால் 48,000, முதியோர் வெப்பத்துக்கு ஆட்படுவதால் 38,000. புயலில் அடித்துச் செல்லப்படுவோர் இந்த நான்கில் இல்லை. முதலிடம் விளைச்சல் பொய்த்த வீட்டுக் குழந்தைக்கு. மூன்றாமிடத்தில் உள்ள வயிற்றுப்போக்குக்கு மகலனாபிஸின் பீப்பாயில் இருந்த அதே கரைசல் இன்றும் போதும்.

இன்னொன்றும் உண்டு. பொருளாதாரம் வளர்ந்துகொண்டே போகும், மருத்துவ வசதி மேம்பட்டுக்கொண்டே போகும் என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு இது. அந்த எடுகோள் பிசகினால் எண் எங்கே போகும் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். எங்கே ஏறும் என்று மட்டும் சொல்ல முடியும்: வலை இல்லாத, பதிவேடு இல்லாத, இரவுப் பணிக்குச் செவிலியர் இல்லாத இடங்களில். அங்கே ஏறியது நமக்குத் தெரியவர முதலில் யாராவது சான்றிதழ் எழுத வேண்டும்.